ஞானம்மா என்று கூப்பிட்டால்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஞானம்மா அண்ணி உடனே எழுந்திருக்க மாட்டார். முதலில் என்னைத் திரும்பிப் பார்ப்பார். ரேஷன் கடையானாலும் சரி, சர்ச்சில் கிறிஸ்துமஸ் சேலை வாங்கக் கூப்பிட்டாலும் சரி, பெயர் காதில் விழுந்ததும் அவர் தலை என் பக்கம் திரும்பும். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் முழங்காலில் கை ஊன்றி எழுவார். நான் கூடப் போகாத இடங்களிலும் அப்படித்தான் என்று அவர் மகள் சோனியா சொல்வாள். பக்கத்து நாற்காலியை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எழுவாராம். "எங்கம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று அவள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். காது மந்தமெல்லாம் இல்லை. அவர் வேலை பார்த்த கேன்டீனில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால் எந்த மேசையிலிருந்து விழுந்தது என்று திரும்பாமலே சொல்லக்கூடியவர்.

இந்தப் பழக்கத்துக்குப் பன்னிரண்டு வயது ஆகிறது. அது எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணி என் அண்ணன் எட்வர்டின் மனைவி. கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் காலனிக்கு அவர் கல்யாணமாகி வந்தபோது எல்லாரும் நடவுக்கும் களைக்கும்தான் போய்க்கொண்டிருந்தோம். நானும் எட்டாவதோடு நிறுத்தப்பட்டு அதே வயலில் நின்றவள்தான். பிறகு நிலம் கம்பெனிகளுக்குப் போனது. அண்ணி கம்பி உருக்கும் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் தட்டு கழுவச் சேர்ந்தார். "அப்பவும் தண்ணியிலதான் நின்னேன், இப்பவும் தண்ணியிலதான் நிக்கிறேன். மேல கூர போட்டுக் குடுத்துக்கீறான், அவ்ளோதான்" என்பார்.

இருபத்து நான்கு வருடம் ஒரே தொட்டி முன்னால் நின்றார். அதற்குள் ஒன்பது காண்ட்ராக்டர்கள் மாறினார்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று ஒரு வரி இருக்கும். நம்பர் கேட்டால் அடுத்த மாதம் வரும் என்பார்கள். அடுத்த மாதம் புது காண்ட்ராக்டர் வந்திருப்பார். அண்ணன் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அவர் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அதனால் நோய் என்று வந்தால் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஒன்றுதான்.

அட்டை முதன்முதலில் வந்தது 2009-இல். அப்போது யாரும் அதை நம்பவில்லை. எலெக்ஷனுக்குக் கொடுக்கிற இன்னொரு சாமான் என்று அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தார்கள். பிறகு பின்தெருவில் இருந்த ஜோசப் அண்ணனுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். கையிலிருந்து ஒன்றும் செலவில்லாமல் உயிரோடு திரும்பி வந்தார். அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினார்.

"தொட்டுப் பாருங்கடா. கவர்மெண்டு தையலு."

"புதுச் சட்ட எடுத்தியே, அதக் காட்டுவியா, இத்தக் காட்டிகினு நிக்கிற" என்று அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குப் பிறகு எங்கள் காலனியில் அட்டை அரிசி டப்பாவை விட்டு பீரோவுக்குப் போனது. பீரோ இல்லாதவர்கள் பைபிளுக்குள் வைத்தார்கள்.

ஆட்சி மாறியதும் பழைய அட்டை போய்ப் புது அட்டை என்றார்கள். 2012-இல் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டி இரண்டு நாள் சொல்லிக்கொண்டு போனார்கள். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிற எல்லாரும் நேரில் வர வேண்டும், படம் பிடிப்பார்கள், கட்டைவிரல் வைக்க வேண்டும், வராதவர்கள் பெயர் அட்டையில் ஏறாது.

முகாம் நடந்த அன்று அண்ணியின் கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவதாக இருந்தது. லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். காலையில் சைக்கிளை எடுக்கும்போது அண்ணி என்னிடம் சொன்னார்: "ஜெபா, நீ போய் எனுக்குப் பதிலா குந்திக்கோ. படம் புடிக்கறப்போ சிரிக்காத. நான் சிரிக்கவே மாட்டேன், தெரியுமில்ல?"

அன்று காலனியில் பாதிக் குடும்பங்களில் ஆள் மாறித்தான் உட்கார்ந்தார்கள். ஷிப்டில் இருந்த அண்ணனுக்குத் தம்பி உட்கார்ந்தான். ஓவர்டைமில் மாட்டிய மருமகளுக்கு நாத்தனார் உட்கார்ந்தாள். கம்பெனி லீவு தராது, முகாம் இன்னொரு நாள் வராது. யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. ரேஷன் வரிசையில் ஒருவருக்காக இன்னொருவர் பையை வைப்பது மாதிரி அது. படத்தில் அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான், எங்கள் இருவருக்கும் முன்னால் பதினோரு வயது சோனியா. கம்ப்யூட்டர் பையன் பெயர் கேட்டபோது, "ஞானம்மா" என்று அண்ணன் சொன்னார். நான் குனிந்தபடி கட்டைவிரலை வைத்தேன்.

"தல நிமிருமா" என்றான் அந்தப் பையன். நிமிர்ந்தேன். எடுத்துவிட்டான்.

அப்போது என் பெயர் எந்த ரேஷன் கார்டிலும் இல்லை. கல்யாணமானதும் அம்மா வீட்டுக் கார்டில் நீக்கிவிட்டார்கள். நீக்கியதற்குக் கொடுத்த சான்றிதழ் மீஞ்சூரில் மாமியார் வீட்டில் தொலைந்துபோனது. அது இல்லாமல் அங்கே சேர்க்க மாட்டேன் என்றார்கள். என் வீட்டுக்காரர் இம்மானுவேல் காட்டுப்பள்ளியில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர். அரை நாள் கூலியை விட்டு அலைய முடியவில்லை. நாங்கள் மீஞ்சூரை விட்டு வந்து அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கூரை போட்டுக்கொண்ட பிறகும் அப்படியே கிடந்தது. கல்யாணத்திலிருந்து மொத்தம் பன்னிரண்டு வருடம் நான் எந்தக் கார்டிலும் இல்லாமல் இருந்தேன். அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

முகாமுக்கு அடுத்த வருடம் எனக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. பொன்னேரியில் பார்த்து கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அதற்குள் பாக்கெட் போடுகிற கம்பெனியில் இரண்டு தரம் மயங்கி விழுந்தேன். மூன்றாவது தரம் விழுந்தால் வர வேண்டாம் என்றார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வேன் காலனிக்கு வந்தது. இலவச முகாம். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். அண்ணி வீட்டுக்குள் போய்ப் புது அட்டையை எடுத்து வந்தார். வேனில் வந்தவர் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஞானம்மா நீங்கதானேம்மா?"

அண்ணி சொன்னார்: "பின்ன வேற யாரு? படத்துல பாத்தா தெரியல?"

ஏமாற்றினோம் என்று சொல்ல முடியாதபடி அது நடந்தது. முகம் என்னுடையது, விரல் என்னுடையது, பெயர் மட்டும் அவருடையது. மறுநாளே வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எட்டு நாள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஞானம்மாவாக இருந்தேன். கூட இருந்த அண்ணி ஜெபாவாக இருந்தார். முதல் நாள் நர்ஸ் வாசலில் நின்று "ஞானம்மா" என்றதும் அண்ணி "ஆங்" என்று எழுந்துவிட்டார்.

"நீங்க யாரு? பேஷண்டக் கூப்ட்டா நீங்க எழுந்துக்கிறீங்க."

"இல்ல சிஸ்டர், அவ தூங்கறா, அதான்..."

அன்றிலிருந்து அவர் தன்னைப் பழக்கிக்கொண்டார். பெயர் கேட்டால் அசையக் கூடாது, என்னைத்தான் பார்க்க வேண்டும். நான் கை தூக்கிய பிறகுதான் பக்கத்தில் வர வேண்டும். யாரும் இல்லாதபோது கஞ்சியை ஆற்றிக்கொண்டே கிண்டல் செய்வார்: "இன்னா ஞானம்மா, கஞ்சி போதுமா? எங்கம்மா வெச்ச பேரு. நாலு புள்ளைங்க செத்து அஞ்சாவதுக்கு வெச்சது. பாத்து வெச்சிக்கோ, கீழ கீழ போட்டுடாத."

கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷனுக்கு முன்பு பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார்கள். இன்சூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அப்போதும் "தலை நிமிருங்க" என்றுதான் சொன்னார்கள்.

நான் பிழைத்தேன். வேலைக்கும் திரும்பினேன். மூன்று வருடம் கழித்து எனக்கென்று ரேஷன் கார்டு வந்தது, பிறகு காப்பீட்டு அட்டையும் வந்தது. வருமான வரம்பு எழுபத்திரண்டாயிரம் என்று இருந்தது ஒரு இலட்சத்து இருபதாயிரம் ஆனது. மாநிலத் திட்டத்தோடு மத்தியத் திட்டமும் சேர்ந்தது. அட்டைகள் ஆதார் எண்ணோடு சேர்ந்தன. ஆள் மாறி உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் முகத்துக்குத் திரும்பினார்கள். அண்ணியின் புது அட்டையில் அண்ணியின் படமே வந்தது. எண் மட்டும் பழையதோடு தொடர்ந்தது. சோனியா வளர்ந்து பஜாரில் இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊருக்கெல்லாம் காப்பீட்டு அட்டை அச்செடுத்துக் கொடுக்கிறவள் இப்போது அவள்தான்.

போன வருடம் மழைக்காலத்தில் அண்ணி தன் சேலையைத் தனியாகத் துவைக்க ஆரம்பித்தார். கொடியில் வீட்டுத் துணி எல்லாம் வெயிலில் காயும். ஒரு பாவாடை மட்டும் குளியலறை மறைப்புக்கு உள்ளே காயும். அவருக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது. எனக்கு எதையும் கேட்பது கஷ்டம்.

தை மாதம் ஒரு காலையில் பால் வாங்கப் போகிறபோது கேட்டேன்.

"அண்ணி, எத்தினி நாளா?"

"இன்னா எத்தினி நாளா?"

"துணி உள்ள காயுதே."

அவர் பால் சொம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஊட்ல எதுவும் ஒன் கண்ணுக்குத் தப்பாது. அஞ்சு மாசமா. சூடுன்னு நெனச்சேன். சொன்னா ஒங்கண்ணன் பேஜாராயிடுவாரு."

நானும் சோனியாவும் அவரைத் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். கர்ப்பப்பையில் புற்று. ஆரம்பம்தான். எடுத்துவிட்டால் நல்லது, தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும்.

"இங்கயே செய்யலாம். ஆனா எங்க லிஸ்ட்ல ஆறு, ஏழு வாரம் ஆகும். காப்பீட்டு அட்டை இருக்கில்ல? தனியார்ல அதுலயே இந்த வாரம் செஞ்சிடுவாங்க. நான்னா சீக்கிரம் எங்க நடக்குதோ அங்க போகச் சொல்வேன்."

சோனியா தைரியமாக இருந்தாள். அட்டை அவள் துறை. நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பேசி மறுநாளே சேர்க்க ஏற்பாடு செய்தாள். நாங்கள் முன்பு போன ஆஸ்பத்திரி அல்ல, வேறு. எனக்கு அப்போதே அந்தப் பழைய அட்டை ஞாபகம் வந்தது. ஆனால் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பீட்டுக் கவுன்டரில் இருந்த பெண் அட்டை எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். இன்னொரு தரம் அடித்தாள்.

"அம்மா, ஒங்களுக்கு ஏற்கெனவே யூட்ரஸ் எடுத்தாச்சேம்மா? ரெண்டாயிரத்துப் பதிமூணு, ஏப்ரல்."

சோனியா சிரித்தாள். "மேடம், ஸ்கேன் பாருங்க. இருக்கு. அதுலதான் கேன்சரே."

"எனக்கு ஸ்கேன் தெரியாதுங்க. சிஸ்டம் என்ன சொல்லுதோ அதான். எடுத்ததுக்கு க்ளெய்ம் போயிருக்கு. எடுத்ததையே திருப்பி எடுக்க அப்ரூவல் வராது."

அண்ணி கவுன்டர் பலகையில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "எடுத்திருந்தா இம்மா ரத்தம் எங்கேர்ந்துமா வருது?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரை மறுபடி பார்த்தாள். அவள் தப்பும் இல்லை. அட்டை இல்லாமல் செய்தால் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். சோனியா அதைப் படித்துவிட்டு நான்காக மடித்தாள்.

வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "நீ வாயத் தொறக்காத. கம்ப்யூட்டர் மிஸ்டேக்குன்னு சோனியா எழுதிக் குடுப்பா. திருத்திடுவாங்க." நான் தலையாட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். காப்பீட்டுத் திட்ட அறையில் துளசிராமன் என்பவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். மேசையில் பாதி சாப்பிட்ட இட்லிப் பொட்டலம் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அதை மூடிவைத்தார்.

சோனியா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவர் ஸ்கேன் தாளைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"வேற யாரோ எண்ண மாத்தி அடிச்சிருப்பாங்க சார். டேட்டா என்ட்ரி தப்பு. நானே இ-சேவையிலதான் இருக்கேன், தெனம் பாக்கறேன்."

"தப்பு நடக்கும்மா. இல்லன்னு சொல்லல. ஆனா இதுல படம் இருக்கே."

அவர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

பச்சை அங்கி. கட்டில். முப்பத்து நான்கு வயது நான். தலை நிமிர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஞானம்மா என்று இருந்தது.

"இது யாரு?" என்றார் துளசிராமன்.

"நாந்தான்" என்றார் அண்ணி உடனே. "பன்னெண்டு வருசம் ஆவுதில்ல? மூஞ்சி மாறாதா? தெனம் எட்டு மணி நேரம் வெந்நீர் ஆவியில நிக்கிறேன் சார், நீங்க நின்னு பாருங்க, ஒங்க மூஞ்சியும் மாறிடும்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அண்ணியைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு சோனியாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். சோனியாவும் திரும்பினாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிற குழந்தை மாதிரி இருந்தது.

என் வாழ்க்கையில் எந்த ஆபீசிலும் நான் பேசியதில்லை. பேச வேண்டிய இடத்தில் அண்ணியோ இம்மானுவேலோ பேசிவிடுவார்கள். அன்று என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரிக் கேட்டது.

"அது நான் சார். என் பேரு ஜெபா. ஆபரேஷன் எனக்குத்தான் ஆச்சு. அவங்களுக்கு ஆவல."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.

"சரிம்மா. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. நீங்க இத வாயால சொன்னது எனக்குக் கேக்கல. எழுத்துல குடுத்தா நான் மேல அனுப்பியாகணும். விசாரணை வரும். முடியற வரைக்கும் இவங்க கார்டும் நிக்கும், ஒங்க கார்டும் நிக்கும். பெறகு என்ன முடிவெடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. எழுத்துல குடுக்கலன்னா ஒங்க கார்டு இருக்கும். இவங்களுக்கு இது இப்பிடியேதான் இருக்கும்."

"எழுதிக் குடுத்தா எங்கம்மா ஆபரேஷனுக்கு ஆவுமா?" என்றாள் சோனியா.

"இந்த ஆபரேஷனுக்கு ஆகாதும்மா. அதுக்குள்ள முடியாது. ஜிஎச்சுலயே பண்ணிக்குங்க, அங்க கார்டு இல்லன்னாலும் பண்ணுவாங்க. பின்னால எதுனா தேவைப்பட்டா, அதுக்கு வேணா..."

அண்ணி எழுந்துவிட்டார். "வாங்கடி போலாம். எழுதவும் வாணாம், ஒண்ணும் வாணாம். எனுக்கு ஒண்ணு போச்சு, ஒனக்கும் போவணுமா?"

நான் துளசிராமனிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். பேனாவும் அவரே கொடுத்தார். வெளியே பெஞ்சில் வைத்து எழுதினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு பக்கம் முழுதாக நான் எழுதியது அன்றுதான். முகாமில் உட்கார்ந்தது, வேன் வந்தது, எட்டு நாள் இருந்தது எல்லாம் எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கையெழுத்து மட்டும் இரண்டு தரம் அடித்து எழுத வேண்டியிருந்தது. துளசிராமன் வாங்கி முத்திரை குத்தி, நகல் ஒன்று கொடுத்தார்.

பஸ் நிலையத்தில் அண்ணி டீ வாங்கிக் கொடுத்தார். "சொல்லிட்ட. சரி. சூடா குடி" என்றார். பஸ் பெரியபாளையம் தாண்டியதும் சோனியா என் பக்கம் திரும்பினாள்.

"அத்த, அன்னிக்கு நான் ஒன் முன்னாலதான் நின்னுகினு இருந்தேன். எனக்கு ஞாபகமே இல்ல. நம்ம ஊட்டு பீரோவுல அந்தப் பழைய கார்டு இன்னும் கீது. எத்தினி தபா எடுத்துப் பாத்திருப்பேன். அதுல இருக்கறது நீன்னு எனக்குத் தெரியவே இல்ல. எங்கம்மான்னே நெனச்சிகினு இருந்தேன்."

"நான் அப்பவே சொன்னேன், சிரிக்காதன்னு" என்றார் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி. "சிரிக்காம இருந்தா நம்ம ஊட்ல எல்லாம் ஒரே மூஞ்சிதான்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தோம். நாற்பத்தேழு நாள் கழித்துத் தேதி வந்தது. அந்த நாற்பத்தேழு நாளில் முப்பத்தொன்பது நாள் அண்ணி கேன்டீனுக்குப் போனார். ஆபரேஷன் நன்றாகச் செய்தார்கள். செலவு ஒன்றும் இல்லை. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பைச் சுவரைத் தாண்டிக் கொஞ்சம் போயிருக்கிறது என்று எழுதி வந்தது. முன்னாலேயே எடுத்திருந்தால் தாண்டியிருக்காதா என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஐந்து மாதம் அண்ணி சொல்லாமல் இருந்ததும் இருக்கிறது, மூன்று மாதம் நான் கேட்காமல் இருந்ததும் இருக்கிறது, இந்த நாற்பத்தேழு நாளும் இருக்கிறது. எதில் தாண்டியது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. இருபத்தைந்து தடவை ரேடியேஷன் என்கிற மின்கதிர் வைக்க வேண்டும் என்று சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் இருக்கிறது. அட்டை ஓடினால் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஓடவில்லை. அதனால் வாரத்தில் ஐந்து நாள் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார இரயிலில் சென்னைக்குப் போகிறோம். எண்ணூர் வரும்போது அண்ணிக்கு வாந்தி வரும். அதற்குப் பிளாஸ்டிக் பை வைத்திருக்கிறேன். சில நாள் மீஞ்சூரிலேயே வந்துவிடும். பாக்கெட் கம்பெனியில் என்னை நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் அண்ணியின் தொட்டிக்கு வேறு ஆள் வந்துவிட்டது. அண்ணன் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார். எங்கள் இருவரிடமும் அவர் ஒன்றும் கேட்டதில்லை.

மின்கதிர் அறைக்கு வெளியே நீளமான பெஞ்ச் இருக்கிறது. உள்ளேயிருந்து மைக்கில் பெயர் கூப்பிடுவார்கள். முதல் நாள் "ஞானம்மா" என்றதும் அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணி, உங்களத்தான்" என்றேன். எழுந்து போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் பார்ப்பார், நான் சொல்வேன்.

நேற்றோடு பதினெட்டு முடிந்தது. இன்னும் ஏழு இருக்கிறது. அது முடிந்து மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுத்த மனு கலெக்டர் ஆபீசில் விசாரணையில் இருக்கிறது. இதுவரை ஒரு தரம் கூப்பிட்டு என் தழும்பைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அண்ணி குடும்பத்து அட்டையும் எங்கள் அட்டையும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. எங்கள் அட்டையில் இருக்கிற யாருக்கும் இப்போதைக்கு நோய் இல்லை. போன வாரம் சோனியா இ-சேவை மையத்தில் அண்ணியின் அட்டை எண்ணை அடித்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஞானம்மாவுக்குக் கர்ப்பப்பை 2013 ஏப்ரலில் எடுக்கப்பட்டது என்றுதான் இன்னும் இருக்கிறது.